இண்டஸ்ட்ரியல் டிசைனர்னா மேல்மூடி போட்டு பெயிண்ட் அடிக்கிறவரா? ஹென்றி ட்ரைஃபஸை வெச்சு ஒரு பேச்சு

ஜூன் 3, காலை (வாசகர் கேள்வி)

எஞ்சினியர் மண்டையை உடைச்சு மிஷினைச் செய்றார், கடைசியில டிசைனர் வந்து வழவழன்னு ஒரு மூடி போட்டு பேரைத் தட்டிட்டுப் போயிடுறார். ரேமண்ட் லோவிங்கிற பிரபல டிசைனர் கோகோ கோலா பாட்டிலை வரைஞ்சார்னு எல்லா இடத்துலயும் போடுறாங்க. ஒரு பாட்டிலுக்கா இவ்வளவு கொண்டாட்டம்? நிஜமாவே சாதனைன்னு சொல்ற மாதிரி இந்தத் தொழில்ல யாராச்சும் எதாச்சும் பண்ணியிருக்காங்களா?

ஜூன் 3, இரவு

முதல்ல பாட்டில் விஷயத்தை முடிச்சுடறேன். அதை லோவி வரையல. 1915ல இண்டியானா மாநிலம் டெரே ஹோட் ஊர்ல இருந்த ரூட் கிளாஸ் கம்பெனியில ஏர்ல் டீன்னு ஒருத்தர் வரைஞ்சது. கொக்கோ காய் படத்தைப் பார்த்து அந்த வரிவரியான உடம்பை எடுத்தார். அப்போ லோவி பிரான்ஸ்ல ராணுவத்துல இருந்தார், அமெரிக்காவுக்கு அவர் கப்பல் ஏறினதே 1919லதான். கோக்குக்கு அவர் ஆபீஸ் பிற்பாடு வேற வேலைகள் பண்ணிக் கொடுத்துச்சு, அதுல இருந்து இந்தக் கதை கிளம்பிடுச்சு.

கேள்விக்கு வரேன். நான் இதே தொழில்லதான் இருக்கேன், பம்பு, ஸ்டார்ட்டர், மோட்டார்னு பளபளப்பே இல்லாத பக்கம். என்னைக் கேட்டா ஒரே ஒரு பேர்தான் சொல்வேன், ஹென்றி ட்ரைஃபஸ். 1904ல புரூக்ளின்ல பிறந்தவர். இந்தப் பேரைச் சொன்னா டிசைன் படிக்கிற பசங்களே பாதிப்பேர் யாருன்னு கேக்குறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

ஜூன் 4

நேத்து தூக்கத்துல பாதியில விட்டுட்டேன், தொடர்றேன்.

ட்ரைஃபஸ் ஆரம்பத்துல நாடக மேடை போடுறவர். நார்மன் பெல் கெடஸ்னு ஒரு மேடை டிசைனர்கிட்ட வேலை கத்துக்கிட்டார், 1929ல நியூயார்க்ல சொந்த ஆபீஸ் போட்டார். 1930 வாக்குல அமெரிக்காவோட பெரிய போன் கம்பெனியான பெல் டெலிபோன் ஆளுங்க சில ஆர்ட்டிஸ்ட், டிசைனர்களைக் கூப்பிட்டு, எதிர்காலத்து டெலிபோன் எப்படி இருக்கணும்னு வரைஞ்சு கொடுங்க, ஆளுக்கு 1,000 டாலர்னு சொல்றாங்க. அமெரிக்காவே பொருளாதாரத்துல சரிஞ்சு கிடக்குற நேரம், 1,000 டாலர் அப்போ பெரிய காசு. இவர் வேண்டாம்னுட்டார். டெலிபோனை வெளியில இருந்து வரைய முடியாது, உங்க எஞ்சினியர்களோட உக்காந்து உள்ளிருந்து வெளிய வரணும், அப்படின்னா நான் வரேன்னு சொல்லிட்டு கிளம்பிட்டார். அவங்களுக்கு அது பிடிக்கல. மத்தவங்க கிட்ட இருந்து படங்கள் வந்துச்சு, பார்த்தாங்க, எதுவும் தேறல. கடைசியில இவரையே திரும்பக் கூப்பிட்டாங்க. அந்த உறவு அவர் காலம் முழுக்க நீடிச்சுது.

நண்பர் கேட்ட "மூடி போடுற வேலை" இருக்கே, அதை காசோட வந்தப்போ வேண்டாம்னு சொன்ன ஆள் இவர். அதுக்கு முன்னாடி மேசிஸ் கடைக்காரங்களும் கூப்பிட்டிருக்காங்க, எங்க சரக்குல எது எது அசிங்கமா இருக்குன்னு பார்த்து மாத்திக் கொடுங்கன்னு. கடையைச் சுத்திப் பார்த்துட்டு, பொருள் செஞ்சு முடிச்சப்புறம் வந்து நான் மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல, செய்றவன்கிட்டதான் நான் உக்காரணும்னு அதையும் விட்டார். வயசு அப்போ இருபத்தி சொச்சம்தான்.

ஜூன் 4, மதியம்

சின்னதா ஒண்ணு சேர்க்கணும். ஒரு பொருளை எடை போட அவர் வெச்சிருந்த கணக்கு அஞ்சு. உபயோகமும் பாதுகாப்பும், அப்புறம் பராமரிப்பு, அப்புறம் விலை, அப்புறம் விற்பனையில இழுக்கிற சக்தி, அஞ்சாவதா தோற்றம். தோற்றத்தை அவர் கழிச்சுக் கட்டல, ஆனா வரிசையைப் பாருங்க.

ஜூன் 5

ஒரு வாசகர், "அப்போ டெலிபோன்ல அப்படி என்னதான் பண்ணார்"னு கேட்டிருக்கார். இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல வந்தது 1937ல, 302ன்னு மாடல் நம்பர். கருப்பு, கனமான போன், பழைய ஹாலிவுட் படத்துல எல்லாம் பார்க்கிறது. நியாயமா சொல்லணும்னா அந்த உருவத்துக்கு முன்னோடி நார்வேயில இருந்து வந்தது, எரிக்ஸனுக்காக ஜீன் ஹைபர்க்னு ஒரு ஓவியர் 30களோட ஆரம்பத்துல போட்ட பேக்கலைட் (அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்) போன். ரெண்டையும் பக்கத்துல வெச்சா தெரிஞ்சுடும். அதனால 302ஐ நான் அவரோட பெரிய வேலையா சொல்ல மாட்டேன்.

1949ல முடிச்ச 500தான் பெருசு. 302 ரிசீவரோட கைப்பிடி குறுக்குவெட்டுல முக்கோணமா இருக்கும். காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கினா உருண்டுடும். ஆளுங்க போன் பேசும்போது என்ன பண்றாங்க? ஒரு கையால எழுதுறாங்க, அடுப்பைக் கிளர்றாங்க, குழந்தையைப் பிடிக்கிறாங்க, அதனால தோள்ல இடுக்கத்தான் செய்வாங்க. 500ல கைப்பிடியை தட்டையாக்கி, சதுரம் பக்கமா கொண்டு வந்தாங்க, எடையும் குறைஞ்சுது. தோள்ல நின்னுச்சு. கீழ ஒரு சின்ன சக்கரம், மணிச் சத்தத்தை நாமளே கூட்டிக் குறைச்சுக்கலாம்.

அப்புறம் டயல். பழசுல எண்கள் விரல் ஓட்டைக்கு உள்ளயே இருக்கும், விரலை விட்டா எண் மறைஞ்சுடும், நாள்பட அழுக்கேறித் தேய்ஞ்சும் போகும். 500ல எண்களை ஓட்டைக்கு வெளிய வளையமா தள்ளிட்டாங்க, பளிச்சுன்னு படிக்கலாம். ஆனா டெஸ்ட் பண்ணிப் பார்த்தா ஜனங்க டயல் பண்ற வேகம் குறைஞ்சு போச்சு! நல்லா தெரியுது, ஆனா மெதுவா சுத்துறாங்க. பெல் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடமான பெல் லேப்ஸ்ல ஜான் கார்லின்னு ஒரு மனோதத்துவ ஆள் இருந்தார், அவர் குழு இதை ஆராய்ஞ்சுது. ஓட்டைக்குள்ள எண் இருந்தப்போ கண்ணுக்கு அது ஒரு குறி, விரல் அதைப் பார்த்துப் போய் விழும். இப்போ ஓட்டை காலி, விரலுக்குக் குறி இல்ல. ஒவ்வொரு ஓட்டைக்கு நடுவுலயும் ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சாங்க, வேகம் திரும்பி வந்துடுச்சு.

அந்தப் புள்ளியை நான் பல தடவை யோசிச்சிருக்கேன். அதுக்கு காசு இல்ல, எடை இல்ல, யாரும் அதைப் பார்த்து போன் வாங்கப் போறதும் இல்ல. அதைக் கண்டுபிடிச்சது ட்ரைஃபஸும் இல்ல, கார்லின் குழு. ஆனா இப்படி ஒருத்தர் வரைஞ்சதை இன்னொருத்தர் அளந்து பார்த்து, குறை சொல்லி, மூணாவது ஆள் சரி பண்றதுக்கு இடம் கொடுக்கிற வேலை முறை இருக்கே, 1,000 டாலரை வேண்டாம்னு சொன்னப்போ அவர் கேட்டது அதைத்தான்.

ஜூன் 5, இரவு

கோடிக்கணக்கான பேர் முப்பது வருஷத்துக்கு மேல அந்த 500ஐ கையில பிடிச்சாங்க. ஒருத்தருக்கும் அவர் பேர் தெரியாது. போன் சாதனையில எனக்குப் பெருசா படுறது இதுதான்.

ஜூன் 7

"நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா இவரும் ரயிலுக்கு மூடி போட்டவர்தானே"ன்னு ஒருத்தர் சரியாப் பிடிச்சிருக்கார். ஆமா. 1936ல மெர்க்குரி, 1938ல ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட். நியூயார்க்ல இருந்து சிகாகோவுக்கு 16 மணி நேரத்துல போற வண்டி, மூக்கு அம்பு மாதிரி, அழகுன்னா அப்படி ஒரு அழகு. மெர்க்குரியில சக்கரத்துக்கு ராத்திரியில லைட் வேற போட்டார், மேடை போட்ட புத்தி எங்க போகும்! அந்த நீராவி எஞ்சின் மேல போட்ட தகடு உள்ள ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டருக்கு இடைஞ்சல், போருக்கு அப்புறம் வேலை பார்க்க வசதியா கழட்டிட்டாங்க. அஞ்சு கணக்குல ரெண்டாவதா பராமரிப்புன்னு எழுதின அதே ஆளோட வேலைதான் இது.

இதை மறைச்சுட்டு அவரைத் தூக்கிப் பிடிக்க எனக்கு விருப்பம் இல்ல. 30கள்ல ரயில் கம்பெனிகளுக்கு கூட்டம் குறைஞ்சிருந்துச்சு, ஜனங்களை இழுக்கணும், இழுத்துக் கொடுத்தார். ஆனா அந்த ரயில்லயும் உள்ள போனீங்கன்னா வேற ஆள் தெரிவார். வெளிச்சம், சீட்டு, சாப்பாட்டு மேசை, தட்டு, தீப்பெட்டி வரைக்கும் ஒரே கை. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அதே பெட்டியை விளக்கையும் மேசை விரிப்பையும் மாத்தி கிளப் மாதிரி ஆக்கிடுவாங்க.

ஜூன் 8

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு எனக்கே ஒரு கதை ஞாபகம் வந்துச்சு, அவரே எழுதி வெச்சது. அயோவாவுல சூ சிட்டின்னு ஒரு ஊர். ஆர்.கே.ஓ. சினிமா கம்பெனிக்காரங்க அங்க ஒரு தியேட்டர் நடத்துறாங்க, கூட்டமே வரல. டிக்கெட் விலையைக் குறைச்சாங்க, படத்தைக் கூட்டினாங்க, ஒண்ணும் வேலைக்கு ஆகல. இவரைக் கூப்பிட்டாங்க. இவர் போய் வாசல்ல நின்னுட்டார். வர்றவன் போறவன் பேச்சைக் கேட்டார். வந்தவங்க விவசாயிங்க, கூலி வேலை பார்க்கிறவங்க, ஷூவெல்லாம் சேறு. லாபியில பெரிய ஆடம்பரக் கம்பளம் விரிச்சிருக்கு. அதை மிதிக்கக் கூசிக்கிட்டு, எட்டிப் பார்த்துட்டு, எதிர்த் தியேட்டருக்குப் போயிடுறாங்க. கம்பளத்தைச் சுருட்டிட்டு சாதாரண ரப்பர் விரிப்பைப் போட்டார், கூட்டம் வந்துடுச்சு.

எனக்கு இது ரொம்ப நெருக்கமான கதை. நான் சேர்றதுக்கு முன்னாடி ஒரு கம்பெனி ஒரு பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டி விட்டிருந்தாங்க, பேர் வேண்டாம். பட்டன் ரெண்டும் பெட்டி முகத்தோட ஒரே மட்டமா, தடவினா தட்டுப்படாத மாதிரி, பார்க்க மொபைல் போன் கணக்கா இருக்கும். ஷோரூம்ல எல்லாருக்கும் பிடிச்சுது. த்ரீ ஃபேஸ் கரண்ட் அப்போ பல ஊர்ல ராத்திரியிலதான் வரும். மோட்டார் ரூம்ல பல்பு இருக்காது, இருந்தாலும் எரியாது. கை ஈரம். விவசாயி கதவு ஓரமா நின்னுக்கிட்டு கையை உள்ள விட்டுத் தடவித்தான் பட்டனைத் தேடுவார், உள்ள பாம்பு கிடக்கலாம்னு பயம் வேற. அந்தப் பெட்டியில எது ஸ்டார்ட், எது ஸ்டாப்னு விரலுக்குத் தெரியாது. ஒரு தோட்டத்துல போய்ப் பார்த்தேன், பச்சை பட்டன் மேல சைக்கிள் டியூப் ரப்பர் துண்டை வெட்டி ஒட்டி வெச்சிருந்தாங்க, தடிமனா, ஓரம் சீவி, கட்டை விரலுக்குச் சரியா. அந்தத் தோட்டத்து அம்மா, "இருட்டுல இதைத் தொட்டா கைக்குத் தெரிஞ்சுடும், கண்ணு"ன்னாங்க. அடுத்த மாடல்ல ஸ்டார்ட் பட்டனை எழும்பி நிக்கிற மாதிரியும் ஸ்டாப்பை பெரிய வட்டமாவும் மாத்தறதுக்கு, நான் மீட்டிங்ல காட்டினது அந்த ரப்பர் துண்டு போட்டோவைத்தான்.

ஜூன் 8, கொஞ்சம் கழிச்சு

இழை எங்கேயோ போகுது, போகட்டும். ட்ராக்டர் பத்தி கேட்டவருக்கு: 1937ல ஜான் டீர் கம்பெனியோட எல்மர் மெக்கார்மிக்னு ஒரு எஞ்சினியர் அயோவாவுல இருந்து நியூயார்க் போய் இவரைப் பார்த்தார். 1938ல ஏ, பி ரெண்டு மாடலும் புது உருவத்துல வந்துச்சு. ரேடியேட்டரை மூடினாங்க, முன் மூடியை ஒடுக்கினாங்க. ஒடுக்கினதால ஓட்டுறவருக்குக் கீழ பயிர் வரிசை தெரியும், களையெடுக்கும்போது செடி மேல ஏத்தாம போகலாம். இங்கயும் மூடிதான், ஆனா இந்த மூடி கண்ணுக்கு வழி விட்டுச்சு. ரயில் மூடிக்கும் இதுக்கும் நடுவுல எனக்குத் தெரியுற வித்தியாசம் அதுதான். 1960ல டல்லஸ்ல புது வரிசை ட்ராக்டர்களை ஜான் டீர் காட்டினப்போ சீட்டும் பேசப்பட்டுச்சு, முதுகு வலி டாக்டர் ஜேனட் ட்ராவல்கிட்ட யோசனை கேட்டு செஞ்சது. பிற்பாடு வெள்ளை மாளிகையில ஜனாதிபதி கென்னடிக்கு டாக்டரா இருந்தாங்களே, அதே அம்மாதான்.

ஜூன் 10

"ட்ரைஃபஸ் ட்ரைஃபஸ்னு சொல்றீங்க, கூட இருந்தவங்க?" நல்ல கேள்வி, என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சுது.

ஆபீஸோட நிர்வாகம் அவர் மனைவி டோரிஸ் மார்க்ஸ் கையில. 1965ல வந்த ட்ரிம்லைன் போன், டயலே ரிசீவர்ல வர்றது, அதை வரைஞ்சது அவர் ஆபீஸ்ல இருந்த டொனால்ட் ஜெனாரோ. மனுஷ உடம்பு அளவுப் படங்களை உக்காந்து போட்டவர் ஆல்வின் டில்லி. லோவி பக்கமும் இதே கதைதான், அவந்தி காரை வரைஞ்சது அவர் கூட்டிட்டுப் போன மூணு பேர், ஜான் எப்ஸ்டீன், பாப் ஆண்ட்ரூஸ், டாம் கெல்லாக். பத்திரிகையில வந்தது லோவி முகம். 1949ல டைம் பத்திரிகை அட்டையிலயே வந்தவர் அவர், விளம்பரத்துல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அதனால முதல் நாள் "ஒரே ஒரு பேர்"னு நான் எழுதினதை இப்போ கொஞ்சம் நகர்த்தி வைக்கணும். பேரைச் சொல்றதுல தப்பு இல்ல, அந்தப் பேருக்குப் பின்னால ஒரு ஆபீஸ் நிக்குதுன்னு சேர்த்துச் சொல்லணும்.

ஜூன் 11

உடம்பு அளவுன்னு சொன்னேன்ல. இந்தத் தொழிலுக்கு அவர் கொடுத்ததுல இதுக்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். ஜோ, ஜோசஃபீன்னு ரெண்டு பேர், அவர் ஆபீஸ் சுவர்ல வரைஞ்சு வெச்ச கற்பனை ஆளுங்க. கை எட்டுற தூரம், உக்கார்ற உயரம், பெடல்ல கால் விழுற கோணம், எல்லாம் இன்ச் கணக்குல. 1960ல அதைத் தனித் தொகுப்பாவே வெளியிட்டார். சராசரி ஆளை மட்டும் போடாம, சின்ன உடம்புல இருந்து பெரிய உடம்பு வரைக்கும், 2.5ல இருந்து 97.5 சதமானம்னு (நூறு பேரை உயர வரிசையில நிறுத்தினா ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு மூணு பேரைத் தவிர எல்லாரும் உள்ள வர்ற மாதிரி) வரம்பு கொடுத்திருப்பார். யாரும் சராசரி கிடையாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. போட்டிக் கம்பெனிக்காரங்களும் எடுத்துப் பயன்படுத்தலாம், பூட்டி வைக்கல.

ஆனா அது அமெரிக்க உடம்பு, நிறைய அளவு ராணுவத்துல எடுத்தது. நம்ம ஊர்ல அந்தப் படத்தை அப்படியே எடுத்து கன்ட்ரோல் பேனல் உயரம் வெச்சா, மில்லுல வேலை பார்க்கிற பொண்ணுங்க குதிகாலைத் தூக்கி நிக்கணும். நான் கண்ணால பார்த்த கொடுமை இது, எத்தனையோ இடத்துல. அகமதாபாத்ல இருக்கிற தேசிய டிசைன் கல்லூரி, என்.ஐ.டி., 1997ல இந்திய உடம்பு அளவுகளைத் தொகுத்து வெளியிட்டாங்க, தேப்குமார் சக்ரவர்த்தி பண்ண வேலை. அதுக்கு அப்புறமும் டேபிள்ல அமெரிக்கப் படத்தை வெச்சுக்கிட்டு வரையுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம்தான் வருது. ட்ரைஃபஸ் கொடுத்த எண்களை விட, அவர் அளந்தார்ங்கிறதை எடுத்துக்கலாம்.

ஜூன் 12

தெர்மோஸ்டாட் பத்தி ஒரு வரியாவது எழுதுங்கன்னு கேட்டிருந்தாங்க. ஒரு வரியில முடியாது.

ஹனிவெல் ரவுண்ட், 1953. அதுக்கு முன்னாடி வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்துற பெட்டி நீள்சதுரம். சுவர்ல மாட்டுறவர் கொஞ்சம் சாய்ச்சு மாட்டினா காலத்துக்கும் கோணலாத்தான் தெரியும். வட்டத்துக்குக் கோணல் ஏது? உள்ள பாதரச ஸ்விட்ச் இருக்கிறதால அடித்தகட்டை மட்டம் பார்த்துத்தான் மாட்டணும், அது மாட்டுறவர் வேலை. மேல் மூடி மட்டும் கழண்டு வரும், வீட்டுக்காரங்க அதைக் கழட்டி தங்களோட சுவர் கலர்லயே பெயிண்ட் அடிச்சுக்கலாம். மூடி போட்டு பெயிண்ட் அடிக்கிறதுன்னு கேட்ட நண்பருக்கு இதுதான் என் பதில், அந்த பெயிண்ட் டப்பாவையும் இவர் வீட்டுக்காரங்க கையில கொடுத்துட்டார்.

ஜூன் 13

கேட்டவருக்குச் சுருக்கமா: 1965ல அமெரிக்க இண்டஸ்ட்ரியல் டிசைனர்கள் சங்கம் உருவானப்போ முதல் தலைவர் இவர்தான். 1972ல குறியீடுகளோட பெரிய தொகுப்பு ஒண்ணு கொண்டு வந்தார், ட்ராக்டர் லீவர்ல இருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், எழுத்து படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி. அதே வருஷம் அக்டோபர் 5, அவரும் டோரிஸும் ஒரே நாள்ல உயிரை விட்டாங்க. அந்த அம்மாவுக்கு அப்போ தீராத நோய். இதுக்கு மேல அதைப் பத்தி இங்க பேச வேண்டாம்னு கேட்டுக்கறேன்.

ஜூன் 15

டிசைன் கடைசி வருஷம் படிக்கிற தம்பி கேட்டிருக்கார், "இதெல்லாம் படிச்சு எனக்கு வேலைக்கு என்ன உதவும் அண்ணா"ன்னு.

தம்பி, ட்ரைஃபஸ் கிளையண்ட் எதிர்ல உக்காந்து, அவங்க பக்கத்துல இருந்து பார்த்தா நேரா தெரியுற மாதிரி தலைகீழா வரைவாராம். அது ஒரு வித்தைதான், ஆனா எதிர்ல இருக்கிறவர் எங்க இருந்து பார்க்கிறார்னு கை பழகிடுச்சுன்னு அர்த்தம். கப்பல் கேபின் வேலை வந்தப்போ படத்தோட நிறுத்தாம முழு அளவுல கேபினைக் கட்டி, நிஜமான ஆளுங்களை பெட்டி படுக்கையோட வரச் சொல்லி, எங்க வைக்கிறாங்க, எங்க இடிச்சுக்கிறாங்கன்னு பார்த்தார். போர்ட்ஃபோலியோவுல கம்ப்யூட்டர்ல போடுற பளபளப் படங்களை (ரெண்டர்) பாதியாக் குறைங்க. தெர்மகோல்லயோ அட்டையிலயோ ஒரு மாக்கப் (முழு அளவு மாதிரி) பண்ணுங்க, உங்க கிளாஸ் பசங்க கையில கொடுக்காதீங்க, அந்தப் பொருளை நிஜமா பிடிக்கப் போறவங்க கையில கொடுத்து போட்டோ எடுங்க, சரியா உக்காராத கைப்பிடியையும் சேர்த்துப் போடுங்க. நான் ஆள் எடுக்கும்போது முதல்ல திருப்பிப் பார்க்கிற பக்கம் அதுதான்.